குல்மர்க்கில் பனிச்சறுக்கு: மலையகத்திலிருந்து போக நினைப்பவர்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காஷ்மீரில் இருக்கிற குல்மர்க்குக்குப் பனிச்சறுக்குப் பழகப் போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம், செலவழிக்கிற காசுக்குப் பெறுமதியான பயணம். ஆனால் அதற்காகக் கொழும்பில் விற்கிற காஷ்மீர் பேக்கேஜ் எதையும் வாங்காதீர்கள். ஹோட்டலில் மிச்சம் பிடியுங்கள், வாகனத்தில் மிச்சம் பிடியுங்கள், சால்வை வாங்குவதைக்கூடத் தள்ளிப்போடுங்கள், அப்படி மிச்சம் பிடித்ததையெல்லாம் நல்ல உள்ளூர்ப் பயிற்சியாளர் ஒருவருக்குக் கொடுங்கள். நான் கொடுத்த காசுக்கு முழுப் பெறுமதியும் கிடைத்தது அந்த ஒரு ஆளிடம்தான். அதுவும் அவர் எங்களை உயரமான இடத்துக்குக் கூட்டிப்போன நாளில் இல்லை, கூட்டிப்போக மாட்டேன் என்று நின்ற நாளில்.

நாங்கள் ஹப்புத்தளைப் பக்கம். நானும் தம்பியும், எங்களோடு தலவாக்கலையிலிருந்து ஒரு நண்பரும் போனோம். மூன்று பேருமே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், குளிரும் ஏற்றமும் பழகிய கால்கள்தான். ஆனால் நமக்குத் தெரிந்த குளிர் வேறு. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும், வெயில் வந்ததும் கரைந்துபோகும், அதைப் பார்க்கவே கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். குல்மர்க்கில் அந்த வெள்ளை, மாதக்கணக்கில் ஆள் உயரத்துக்குக் கிடக்கிறது. நம் நாட்டின் ஆக உயர்ந்த மலை பீதுருதாலகாலை, 2,524 மீற்றர். குல்மர்க்கில் பஸ்ஸை விட்டு இறங்குகிற இடமே ஏறக்குறைய 2,650 மீற்றர். அங்கிருந்துதான் மலையே தொடங்குகிறது. டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாளை சில்லை கலான் என்கிறார்கள், வருடத்தின் மிகக் கடும் குளிர் அதுதான். நாங்கள் தைப்பொங்கல் முடிந்து சில நாள் கழித்துக் கிளம்பி, அந்தக் காலத்தின் கடைசியில் போய்ச் சேர்ந்தோம். என்னைக் கேட்டால் பெப்ரவரியையே பிடியுங்கள். 2024 ஜனவரியில் குல்மர்க்கில் பனியே விழாமல் சரிவெல்லாம் பழுப்புப் புல்லாகக் கிடந்து, டிக்கட் போட்டவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தது செய்தியிலேயே வந்தது. மாதக் கடைசியில்தான் பனி விழுந்தது.

பேக்கேஜ் வேண்டாம் என்று ஏன் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன் என்றால், என் பெரியம்மா மகன் குடும்பத்தோடு முந்தின வருடம் போய்ப் பட்டது அப்படி. 'ஸ்கீயிங் உட்பட' என்று நோட்டீசில் போட்டிருந்தது. அங்கே போனபிறகு அந்த 'உட்பட' என்ன தெரியுமா? காலையில் ஸ்ரீநகரில் வான் வண்டியில் ஏற்றி, குல்மர்க்கில் இறக்கி, யாரோ நனைத்து வைத்த கோட்டையும் ரப்பர் சப்பாத்தையும் வாடகைக்கு எடுக்கவைத்து (அதற்குத் தனிக் காசு), சமதரையில் ஸ்கீ என்கிற சறுக்குப் பலகை மேல் நிறுத்தி போட்டோ எடுத்து, பின்னேரம் திரும்ப அந்த வண்டியில் ஏற்றியதுதான். பிள்ளைகள் சறுக்கவே இல்லை. ஏஜென்சியைக் கேட்டால், ஸ்கீ போட்டீர்கள்தானே என்று பதில். இந்தப் பதிலைக் கேட்ட நாளில்தான், போனால் நாமே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துகொண்டு போக வேண்டும் என்று முடிவு எடுத்தேன்.

போகிற வழி கஷ்டமில்லை, நீளம்தான். இந்தியாவுக்கு ஈ-விசா, கட்டுநாயக்கவிலிருந்து டெல்லி, அங்கிருந்து ஸ்ரீநகருக்கு ஒன்றரை மணி நேரம் விமானம். ஸ்ரீநகர் விமான நிலையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தனியாகப் பதிய வேண்டும், வரிசையில் நின்று போர்ம் நிரப்பினால் முடிந்தது. ரயில்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு இப்போது இன்னொரு வழியும் இருக்கிறது. 2025 ஜூனிலிருந்து, ஜம்முப் பக்கம் இருக்கிற கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கே ரயில் ஓடுகிறது, ஆற்றுக்கு மேலே 359 மீற்றர் உயரத்தில் இருக்கிற செனாப் பாலத்தைத் தாண்டிப் போகும். தெமோதரை வளைவையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் பார்த்து வளர்ந்த எனக்கு அடுத்த முறை அதில் போக வேண்டும் என்று இப்போதே ஆசை. ஸ்ரீநகரிலிருந்து குல்மர்க் ஐம்பது கிலோமீற்றர் வரும். கடைசிப் பதின்மூன்று கிலோமீற்றர், தங்மர்க் என்ற ஊரிலிருந்து மேலே, பனி விழுந்தால் டயருக்குச் சங்கிலி கட்டிய வாகனமோ ஜீப்போதான் ஏறும். அந்த இடத்தில் சாரதியிடம் பேரம் பேசிக்கொண்டிருக்காதீர்கள், சங்கிலி கட்டியிருக்கிறதா என்று மட்டும் குனிந்து பாருங்கள்.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஏப்ரலில் பஹல்காமில் சுற்றுலா வந்தவர்களைச் சுட்டு 26 பேரைக் கொன்றார்கள். அது வேறு ஊர் என்றாலும் அதைத் தெரியாததுபோல் எழுத எனக்கு மனமில்லை. வழியெல்லாம் இராணுவம் நிற்கும், சோதனைச் சாவடி வரும், பாஸ்போர்ட் கையிலேயே இருக்கட்டும். சாவடிகளையும் காவலரண்களையும் படம் எடுக்காதீர்கள். சோதனைச் சாவடிக்கு நடுவே வாழ்வது என்றால் என்னவென்று நம் நாட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை, அங்கே இருக்கிற சனத்தோடு மரியாதையாக நடந்துகொள்ள அதுவே போதும். கிளம்புவதற்கு முன் நிலைமையை விசாரித்துவிட்டு டிக்கட் போடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

குல்மர்க்கில் பனிச்சறுக்கு நேற்று வந்தது இல்லை. வெள்ளைக்கார இராணுவ அதிகாரிகள் 1927லேயே அங்கே ஸ்கீ கிளப் தொடங்கிவிட்டார்கள். கோல்ப் மைதானம், தேவாலயம், மரத்தாலான பங்களா என்று நுவரெலியாவை யாரோ பெயர்த்துக்கொண்டுபோய்ப் பனிக்குள் வைத்த மாதிரித்தான் இருந்தது. ஒரே ஆட்கள் போட்ட ஊர்கள், வேறென்ன. 1968ல் இந்திய அரசு அங்கே பயிற்சி நிறுவனமும் அமைத்தது. இந்திய அரசு நடத்துகிற கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் பனிச்சறுக்குப் போட்டிகள் 2020லிருந்து அங்கேதான் நடக்கின்றன. ஆகவே நன்றாகச் சொல்லித்தரத் தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இறங்கின உடனே உங்களைச் சுற்றிக்கொள்கிறவர்கள் எல்லோரும் அந்த ஆட்கள் இல்லை. கைட் இல்லாமல் போக முடியாது, கொண்டோலா (கம்பியில் தொங்கியபடி மலைக்கு ஏறுகிற பெட்டி) ரொம்பத் தூரம், ஸ்லெட்ஜில்தான் (ஆள் இழுக்கிற பனிப் பலகை) போக வேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள். நடக்கிற தூரம்தான்.

எங்கள் பயிற்சியாளரைத் தங்கியிருந்த விடுதிக்காரர் அறிமுகப்படுத்தினார். தங்மர்க்குக்குக் கிட்ட ஒரு கிராமத்துக்காரர், ஐம்பதை நெருங்குகிற மனிதர், கோடையில் அப்பிள் தோட்டம், மாரியில் ஸ்கீ. பாய் என்று கூப்பிட்டோம், அவர் எங்களை பேட்டா என்றார். படத்தில் பழகிய ஹிந்தியும் அவருடைய கொஞ்சம் இங்கிலீஷும் போதுமாக இருந்தது. பெயரை இங்கே எழுதவில்லை, அவரைக் கேட்காமல் எழுதுவது சரியில்லை. எப்படிப்பட்ட ஆளைத் தேட வேண்டும் என்பதற்கு மட்டும் அவர் செய்ததை எழுதுகிறேன்.

முதல் வேலை, நாங்கள் வாடகைக்கு எடுத்து வைத்திருந்த சப்பாத்தைப் பார்த்ததும் முகம் சுளித்து, எங்களைத் திரும்ப அந்தக் கடைக்கே கூட்டிப்போனார். தம்பிக்கு ஒரு சைஸ் பெரிது கொடுத்திருந்தார்கள். இரண்டு மேஸ் போட்டால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பாய் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். கொக்கிகளையெல்லாம் கழற்றி, இரண்டு மேஸையும் உருவிப் போட்டு, மெல்லிசாக ஒன்றை மட்டும் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டார். காலை உள்ளே விட்டதும் குதியைத் தரையில் இரண்டு தரம் தட்டச் சொன்னார். நிமிர்ந்து நின்றால் கால் விரல் நுனியில் லேசாக முட்ட வேண்டும், முழங்காலை முன்னால் மடித்தால் முட்டுவது நிற்க வேண்டும், குதி மட்டும் எந்த நேரமும் எழும்பக் கூடாது. அது வரும்வரை மூன்று ஜோடி மாற்றினார். அடுத்து ஸ்கீயில் சப்பாத்தைப் பிடிக்கிற பூட்டு. அதில் சின்னதாக ஒரு எண் பலகை இருக்கிறது, நாம் விழும்போது எவ்வளவு விசையில் அது கழர வேண்டும் என்பதை அதில்தான் வைப்பது. எடை, உயரம், வயது, சப்பாத்தின் நீளம், ஆள் புதியவரா பழகியவரா, இவ்வளவையும் பார்த்துத்தான் அந்த எண்ணை வைக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் விழுகிறபோது ஸ்கீ கழராமல் முழங்காலைத் திருகிவிடும், தளர்வாக இருந்தால் சும்மா போகும்போதே கழன்று ஆளைக் கவிழ்க்கும். முந்தின நாள் அந்தக் கடையில் எங்கள் எடையை ஒருவரும் கேட்கவில்லை. யாரோ கடைசியாகப் போட்ட ஆளின் அளவிலேயே மூன்று ஜோடியையும் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். பாய் திருப்புளியை வாங்கித் தானே ஒவ்வொன்றையும் திருகி, எங்களைக் காலை முறுக்கச் சொல்லிச் சோதித்தார். வாடகைக் கடையில் காசு கொடுக்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான்: என் எடைக்கு இதைச் சரிசெய்தீர்களா? விழித்தார்கள் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

பழக்குகிற விதமும் அப்படித்தான், அவசரமே இல்லை. முதல் நாள் விழவும் எழும்பவும் மட்டும்தான். முன்னாலோ பின்னாலோ விழாதே, பக்கவாட்டில், மலை இருக்கிற பக்கமாகச் சாய்ந்து இரு. எழும்புவதற்கு முன் இரண்டு ஸ்கீயையும் சரிவுக்குக் குறுக்கே வை, இல்லையென்றால் எழும்பும்போதே ஓடிவிடும். பிறகு குறுக்கே நின்றபடியே பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக ஏறுவது. இந்த இடத்தில் எங்கள் மூன்று பேருக்கும் ஒன்றும் கஷ்டம் இல்லை. பக்கத்தில் டெல்லியிலிருந்து வந்த பிள்ளைகள் நேரே மேலே பார்த்து நின்று பின்னால் வழுக்கிக்கொண்டிருந்தார்கள். கொழுந்துக் கூடையோடு செங்குத்து நிரையில் நிற்கிற அம்மா எப்படி நிற்பார், மலைக்குக் குறுக்கே, மேல் காலை மடித்து, பாரத்தைக் கீழ்க் காலில் வைத்து. அதே நிலை. எங்கே பழகினீர்கள் என்று பாய் கேட்டார், அம்மாவின் படத்தைப் போனில் காட்டினேன். தேயிலை மலையின் சரிவைப் பார்த்துவிட்டு, இதில் தினமும் நிற்கிறாரா, எத்தனை மணி நேரம், என்ன சம்பளம் என்று அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிக்கவே அன்றைய தேத்தண்ணி நேரம் போய்விட்டது.

சறுக்கத் தொடங்கியதும் அந்தப் பழக்கம் மட்டும் போதவில்லை. முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, ஆப்பு வடிவத்தில் வைத்து வேகத்தைக் கட்டுவதுதான் முதல் பாடம். பயம் வந்தால் உடம்பு தானாகவே பின்னால் சாய்கிறது. மலையில் கால் வழுக்கினால் பின்னால் சாய்ந்து உட்கார்வதுதான் நமக்கு வழக்கம். ஸ்கீயில் அப்படிச் சாய்ந்தால் முன்முனையில் பாரம் இல்லாமல் போய், திருப்ப முடியாமல், வேகம் கூடிக்கொண்டே போகும். பயமாக இருக்கிறபோது முன்னால் சாய வேண்டும், கெண்டைக்காலுக்கு முன் எலும்பு சப்பாத்தின் நாக்கில் அழுந்த வேண்டும். இதை உடம்பு ஏற்றுக்கொள்ள நாளாகும். பாய் எங்களுக்கு முன்னால், எங்களைப் பார்த்தபடியே பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டு, என் கண்ணைப் பார், ஸ்கீயைப் பார்க்காதே என்று சொல்லிக்கொண்டே வருவார். ஊசிமுனைக் குச்சிகளை முதலில் கையில் தரவே இல்லை. சின்னச் சரிவில் ஆளை இழுத்துப்போகிற லிப்ட் இருக்கிறது, வரிசை குறைவு, காசும் குறைவு. அந்தச் சரிவை மதிப்பில்லாமல் நினைக்காதீர்கள். எங்கள் பயணத்தில் பெரும் பகுதி அங்கேதான் கழிந்தது, எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

கொண்டோலா இரண்டு கட்டமாக இருக்கிறது. முதல் கட்டம் குல்மர்க்கிலிருந்து கொங்டூரிவரை, 1998ல் ஓடத் தொடங்கியது. இரண்டாவது 2005ல் வந்தது, அபர்வத் மலையின் தோள்வரை, கிட்டத்தட்ட 3,950 மீற்றர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடும். ஒரு பெட்டியில் ஆறு பேர். டிக்கட்டை ஒன்லைனில் முன்கூட்டியே போட வேண்டும், அங்கே போய் வாங்கலாம் என்றால் கிடைக்காது, கிடைத்தாலும் யாரிடம் வாங்குகிறீர்கள் என்பதில் கவனம். காற்று அடித்தால் மேல் கட்டத்தை மூடிவிடுவார்கள், அதற்கு முணுமுணுக்காதீர்கள். 2017 ஜூனில் பலத்த காற்றில் மரம் ஒன்று சாய்ந்து கேபிளில் விழுந்து ஏழு பேர் இறந்துபோனார்கள். முதல் கட்டம் புதியவர்களுக்கும் நல்லது, கொங்டூரியில் மிதமான சரிவுகள் இருக்கின்றன. இரண்டாம் கட்டம் வேறு உலகம். பனியை அழுத்திச் சமன்படுத்திய பாதை அங்கே கிடையாது, விழுந்த பனி விழுந்தபடி கிடக்கும், உலகம் முழுவதிலுமிருந்து தேர்ந்த ஆட்கள் அதற்காகத்தான் வருகிறார்கள்.

எங்கள் தலவாக்கலை நண்பர் விளையாட்டுக்காரர், எங்களுக்கு முன்னாலேயே நன்றாகப் பிடித்துக்கொண்டார், திரும்புவதற்குள் மேலேயிருந்து ஒரு தரமாவது இறங்க வேண்டும் என்று நின்றார். டிக்கட்டும் போட்டாயிற்று. முந்தின இரவு முழுக்கப் பனி கொட்டி, காலையில் வானம் கழுவிவிட்ட நீலம். வரிசையில் எல்லோர் முகத்திலும் சந்தோஷம். பாய் வந்தார், வானத்தையும் உச்சியையும் கொஞ்ச நேரம் பார்த்தார், இன்றைக்கு மேல் கட்டம் வேண்டாம் என்றார். நண்பர் கெஞ்சினார், கூடக் காசு தருகிறேன் என்றார். பக்கத்தில் நின்ற வேறு இரண்டு கைட்மார், நாங்கள் கூட்டிப்போகிறோம் வாருங்கள் என்று கையைப் பிடித்தார்கள். பாய் ஒன்றும் கோபப்படவில்லை. கொங்டூரிக்கு மட்டும் வாருங்கள், ஒன்று காட்டுகிறேன் என்றார்.

அங்கே ஆட்கள் போகாத ஒரு ஓரத்தில், பையிலிருந்து மண்வெட்டியை எடுத்துப் பனியை இடுப்பளவு வெட்டி ஒரு சுவர் மாதிரி எடுத்தார். கையுறையைக் கழற்றி மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வந்தார். மேலே நேற்றிரவுப் பனி, மெத்தென்று. அதற்குக் கீழே காற்று அடித்து இறுக்கிய ஒரு தட்டு. அதற்கும் கீழே ஒரு சாண் அளவுக்கு, கையில் அள்ளினால் உருண்டை பிடிக்கவே முடியாமல் பொலபொலவென்று உதிர்கிற பனி. ஒரு துண்டை மட்டும் தனியாக வெட்டி நிறுத்தி, அதன் தலையில் மண்வெட்டியின் தட்டை வைத்து, உள்ளங்கையால் மெதுவாகத் தட்டினார். நாலைந்து தட்டுதான். மேல் பாகம் முழுசாக அந்த உதிரிப் பனி மேல் வழுக்கி எங்கள் காலடியில் வந்து விழுந்தது. வெட்டிய இடம் கண்ணாடி மாதிரி நேராக இருந்தது. மேலே இதே மாதிரித்தான் இருக்கும், சரிவு இதைவிடக் கூட, அதன் மேல் நீ நிற்பாய் என்றார். நண்பர் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

எனக்கு அந்த நேரத்தில் மீரியபெத்தைதான் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரிலிருந்து பக்கம். 2014 ஒக்டோபர் 29, காலை நேரம், லயங்கள் இருந்த இடமே மண்ணுக்குள் போனது. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. மண்ணும் பனியும் வேறு வேறு என்றாலும் சரிகிற விதத்தில் ஒற்றுமை இருக்கிறது: பிடிமானம் இல்லாத ஒரு அடுக்கு, அதன் மேல் திடீரென்று ஏறுகிற பாரம், போதுமான சரிவு. பனிச்சரிவு பெரும்பாலும் முப்பதிலிருந்து நாற்பத்தைந்து பாகைவரையான சரிவுகளில்தான் வரும் என்று பாய் சொன்னார். சறுக்குவதற்கு ஆகச் சுகமான சரிவும் அதுதான், அதுதான் தொல்லை. குல்மர்க்கில் 2010 பெப்ரவரியில் பயிற்சியிலிருந்த இராணுவத்தினர் 17 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். 2023 பெப்ரவரியில் போலந்துக்காரர்கள் இரண்டு பேர், அடுத்த வருடம் அதே மாதம் ரஷ்யாக்காரர் ஒருவர். இவர்கள் யாரும் என்னைப் போலப் புதிதாகப் பழகப் போனவர்கள் இல்லை. ரோந்துக் குழு இருக்கிறது, மேல் பகுதியைத் திறப்பதும் மூடுவதும் அவர்கள் கையில். அவர்கள் திறந்து வைத்த எல்லைக்கு வெளியே கயிற்றைத் தாண்டிப் போனால் அது உங்கள் பாடு. போகிறவர்கள், புதைந்த ஆள் இருக்கிற இடத்தைக் காட்டுகிற சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்தித் தேடுகிற ஊடுகம்பி, மண்வெட்டி மூன்றும் இல்லாமல், அவற்றைப் பாவிக்கத் தெரியாமல் போகவே கூடாது. புதைந்த ஆளுக்கு நிமிடக் கணக்குத்தான், கீழேயிருந்து ஆள் வந்து தோண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அன்றைக்கு மேலே ஒன்றும் நடக்கவில்லை. போனவர்கள் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்கள். அதனால் பாய் சொன்னது பிழை என்று ஆகாது. மழை நாளில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை கொடுத்து, நாம் பாடசாலையில் படுத்து, மலை சரியாமல் விடிந்தால், சும்மா அலைக்கழித்தார்கள் என்று ஏசுகிறவர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்கவே பிடிக்காது. கூடுதல் காசு வருகிற நாளில் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ஆள் எந்த மலையிலும் லேசில் கிடைக்க மாட்டார். பிறகு இரண்டு நாள் கழித்து, பனி இறுகி, ரோந்துக் குழுவும் சரி என்று சொன்னபிறகு, பாயே நண்பரை மேல் கட்டத்துக்குக் கூட்டிப்போனார். நானும் தம்பியும் பெட்டியில் ஏறிப் பார்த்துவிட்டு அதே பெட்டியில் இறங்கிவிட்டோம். தலை லேசாக வலித்தது, அந்த உயரத்தில் அது வழக்கம், நிறையத் தண்ணீர் குடித்து மெதுவாக நடந்தால் போதும், கூடினால் உடனே இறங்கிவிட வேண்டும்.

தங்கிய இடத்துக்கு நல்ல மார்க்கே கொடுப்பேன். அறையின் நடுவில் புகாரி என்கிற விறகடுப்பு, அதன் குழாய் கூரைக்கு மேலே போகும். இரவில் விறகு நிறையப் போட்டுக் கதவு ஜன்னலையெல்லாம் இறுக்கிச் சாத்திவிட்டுத் தூங்காதீர்கள், கொஞ்சம் காற்று வர விடுங்கள், நஞ்சுவாயு தெரியாமல் கொன்றுவிடும். குழாய்த் தண்ணீர் உறைந்துவிடுவதால் வாளியில் சுடுதண்ணீர் கொண்டுவந்து தருவார்கள். விடுதிக்காரர் பிரன் என்கிற நீண்ட கம்பளி அங்கிக்குள் காங்கிரியை வைத்துக்கொண்டுதான் எங்களோடு கதைப்பார். மண் சட்டி, அதைச் சுற்றிப் பிரம்பு மாதிரி பின்னிய கூடை, உள்ளே சாம்பலுக்கு அடியில் கரித்தணல். ஒரு கையை அங்கிக்குள் விட்டு அதைப் பிடித்தபடியே மறு கையால் ரொட்டி பிய்த்துச் சாப்பிடுவார். என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார், நடக்கும்போது அதைச் சாய்க்காமல் வைத்திருக்கவே பழக வேண்டும்.

தேத்தண்ணி பற்றி எழுதாமல் விட்டால் ஊரில் சும்மா விட மாட்டார்கள். அங்கே காலையில் குடிப்பது நூன் சாய். பச்சைத் தேயிலையைச் சோடா மா போட்டு நீண்ட நேரம் கொதிக்க வைத்து, ஆற்றி, பால் விட்டு, உப்புப் போட்டு, ரோஸ் நிறத்தில் தருவார்கள். முதல் மிடறு எனக்கு இறங்கவில்லை. ரொட்டியை அதில் நனைத்துச் சாப்பிடும்போதுதான் அதன் ருசி பிடிபட்டது, கடைசி நாட்களில் நானே கேட்டு வாங்கிக் குடித்தேன். குங்குமப்பூவும் ஏலமும் வாதுமையும் போட்ட கஹ்வா எல்லோருக்கும் பிடிக்கும். நம்மைப் போலச் சீனி போட்ட பால் தேத்தண்ணி வேண்டுமென்றால் லிப்டன் என்று கேட்க வேண்டும். எங்கள் தாத்தா தம்பேதன்ன தோட்டத்தில் லிப்டன் கம்பனிக்கு மலை வெட்டியவர், அதை விடுதிக்காரரிடம் சொன்னபோது அவர் வீட்டு ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டு எங்களை இன்னொரு தரம் அறிமுகப்படுத்தினார். சாப்பாட்டில் ஆட்டிறைச்சிதான் ராஜா. ஸ்ரீநகரில் விடியற்காலை ஹரீஸா கடைக்குப் போங்கள், இரவு முழுக்கக் கிண்டிய இறைச்சி, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். மரக்கறிக்காரர்களுக்குத் தாமரைக் கிழங்கும் ஹாக் கீரையும் இருக்கின்றன, ஆனால் குல்மர்க்கில் கடைகள் குறைவு, விடுதியில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

ஒன்று மட்டும் எனக்கு மனதைப் பிசைந்தது. வயதானவர்கள்கூட ஆட்களை மரப் பலகையில் உட்காரவைத்துக் கயிற்றைத் தோளில் போட்டு இழுக்கிறார்கள். அதில் ஏறுவதா வேண்டாமா என்று எனக்குள் பெரிய இழுபறி. எங்கள் ஆட்கள் தேயிலைச் சாக்கைச் சுமந்த கதை கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் ஏறாமல் விட்டால் அவருக்கு அன்றைக்கு வருமானம் இல்லை. கடைசியில் எங்கள் ஸ்கீயையும் பைகளையும் மட்டும் இழுத்துவரச் சொல்லி, ஆளை ஏற்றினால் என்ன தருவோமோ அதையே கொடுத்தோம். நீங்கள் எப்படிச் செய்தாலும் பேசின காசைக் கடைசியில் குறைக்காதீர்கள்.

உடுப்புக்கு இங்கேயே பாருங்கள். நுவரெலியா பேல் பஜாரில் வாங்கிய ஜக்கெட்டுகள்தான் எங்களைக் காப்பாற்றின, வெளிநாட்டுக்கு அனுப்பத் தைத்த சாமான், அங்கே வாடகைக்குக் கிடைக்கிற நனைந்த கோட்டைவிட எவ்வளவோ மேல். தண்ணீர் உள்ளே இறங்காத காற்சட்டை கட்டாயம். ஜீன்ஸும் பருத்தி பெனியனும் வேண்டாம், வியர்த்தோ நனைந்தோ போனால் காயவே காயாது, குளிர் அதன் வழியாகத்தான் ஏறும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு மணி நேரம்கூட நிற்காதீர்கள், புதுப் பனி வெயிலில் பெரும் பகுதியைத் திருப்பி முகத்திலேயே அடிக்கும். தாடைக்கு அடியிலும் மூக்கின் கீழும் கிரீம் பூசுங்கள், தம்பிக்கு அங்கேதான் தோல் உரிந்தது.

செலவில் பெரியது விமான டிக்கட். இந்திய ரூபா ஒன்றுக்கு நம் காசு மூன்றரை ரூபா அளவில் போகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். சப்பாத்தும் ஸ்கீயும், பயிற்சியாளர், லிப்ட், கொண்டோலா, இந்த நாலுக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள், மொத்தமாகச் சொல்லும் விலையில் எது இருக்கிறது எது இல்லை என்று தெரியாது. போனைப் பற்றியும் கவனம், இந்தியாவின் மற்ற மாநிலங்களில் வாங்கிய பிரீபெயிட் சிம் காஷ்மீரில் வேலை செய்யாது. பயண, மலை விபத்துக் காப்புறுதி எடுக்கும்போது பனிச்சறுக்கும் அதில் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பல திட்டங்களில் அது விலக்கு.

முழங்கால் வலி இருக்கிறவர்களும் இதய வருத்தக்காரர்களும் சறுக்குவதற்கு முன் டொக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். அம்மா அப்பாவைக் கூட்டிப்போகிறவர்கள் முதல் கட்டக் கொண்டோலாவோடு நிறுத்திக்கொள்ளலாம், கொங்டூரியில் கதிரை போட்டு கஹ்வா விற்கிற கடைகள் இருக்கின்றன, அங்கே உட்கார்ந்து நீங்கள் விழுந்து எழும்புவதை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கலாம். பயிற்சியாளரைப் பிடிக்கும்போது விலையைப் பிறகு பேசுங்கள். கடைசியாக எந்த நாளில், என்ன காரணத்துக்காக ஆட்களை மேலே கூட்டிப்போகாமல் திரும்பினீர்கள் என்று முதலில் கேளுங்கள். உடனே நாளையும் காரணத்தையும் சொல்கிறவரோடு போங்கள்.